கலிபோர்னியா சமுதாயக் கல்லூரியிலிருந்து பெர்க்லிக்கும் யூசிஎல்ஏவுக்கும்: டிரான்ஸ்ஃபர் முழுமையான வழிகாட்டி

கலிபோர்னியாவில் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் ஏதேனும் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டு மாணவராகக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின், அதாவது யூசியின், பெர்க்லி வளாகத்துக்கோ லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏவுக்கோ மாறிச் செல்வது எப்படி என்பதை, வேலைகள் நடக்க வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். இவ்விரு வளாகங்களிலும் டிரான்ஸ்ஃபர் விண்ணப்பதாரர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே இடம் கிடைக்கிறது. கணினி அறிவியல் போன்ற மேஜர்களில், அதாவது முதன்மைப் படிப்புத் துறைகளில், அது இன்னும் குறைவு.

விண்ணப்பம் நிரப்பும் மாணவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த வகையில், மதிப்பெண் போதாமல் வாய்ப்பை இழந்தவர்களைவிட, நல்ல மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டே வேலைகளை முன்பின்னாகச் செய்து இழந்தவர்களே மிகுதி. எனவே இவ்வழிகாட்டி எதைச் செய்வது என்பதைவிட, எதை எப்போது செய்வது என்பதில்தான் அதிக நேரம் நிற்கிறது.

1. நாள்காட்டியைப் பின்னிருந்து முன்னாக எழுதுங்கள்

2026 ஃபால் (இலையுதிர்கால) பருவத்தில் சமுதாயக் கல்லூரியில் சேரும் ஒருவர் 2028 ஃபாலில் யூசியில் நுழைய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கான விண்ணப்பப் படிவம் 2027 ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை சமர்ப்பிக்கலாம். அந்த நாளில் அவர் கையில் இருக்கும் முடிந்த மதிப்பெண்கள் 2026 ஃபால், 2027 ஸ்பிரிங் (வசந்தகாலப் பருவம்), இடையில் கோடைப் பருவத்தில் படித்திருந்தால் அது, அவ்வளவுதான்.

இரண்டாம் ஆண்டு ஃபால் மதிப்பெண்கள் ஜனவரியில் தனியாக அனுப்பப்படுகின்றன. கடைசி ஸ்பிரிங் பருவம் "திட்டமிட்டிருக்கும் பாடங்கள்" என்ற பட்டியலாக மட்டுமே வாசிப்பவரின் கண்ணில் படும். ஆகவே இரண்டு ஆண்டு என்று பேசப்படும் அவகாசம், தகுதியைக் காட்டும் கணக்கில் ஒன்றரை ஆண்டுதான்.

இதனால் "முதல் ஆண்டு பழகிக்கொள்வோம், இரண்டாம் ஆண்டில் கவனிப்போம்" என்ற எண்ணம் இங்கே செல்லாது. முதல் ஆண்டே விண்ணப்பத்தின் பெரும்பகுதி.

2. சேருவதற்கு முன் திரட்ட வேண்டியவை

முதலாவது, பழைய கல்வி ஆவணங்கள். உயர்நிலைப் பள்ளியில் ஏபி தேர்வு, அதாவது கல்லூரி அளவிலான பாடங்களுக்கான தேர்வு, எழுதியிருந்தால் அதன் மதிப்பெண்களை எடுத்து வையுங்கள். 3 அல்லது அதற்கு மேல் பெற்ற தேர்வுகளுக்கு யூசி யூனிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) தருகிறது. ஆனால் அந்தத் தேர்வு எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்பது வளாகத்துக்கும் துறைக்கும் ஏற்ப மாறும். ஏபி கால்குலஸ் தேறியவர் கல்லூரியில் எந்தக் கணிதப் பாடத்திலிருந்து தொடங்கலாம் என்பதை முதல் பதிவுக்கு முன்பே தீர்த்துக்கொள்ளாவிட்டால், ஏற்கெனவே பெற்ற கிரெடிட்டையே மீண்டும் படித்து ஒரு பருவத்தை வீணாக்க நேரிடும்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ ஓராண்டு பொறியியலோ பட்டப்படிப்போ படித்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அந்தப் படிப்பைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். இடையில் விட்டுவிட்டோம், அரியர் இருக்கிறது என்பதால் மறைக்க முடியாது. மறைத்தது பின்னர் தெரியவந்தால், கிடைத்த இடமே ரத்தாகும். மேலும், நான்காண்டுக் கல்லூரிகளில் படித்த மேல்நிலைப் பாடங்களின் (மூன்றாம், நான்காம் ஆண்டுக்குரியவை) யூனிட்டுகளுக்கு, கீழ்நிலைப் பாட யூனிட்டுகளுக்கு உள்ள 70 என்ற உச்சவரம்பு பொருந்தாது என்பதால், மொத்த யூனிட் அளவு மீறி, சில வளாகங்களும் துறைகளும் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க மறுக்கும் நிலையும் வரலாம்.

இரண்டாவது, குடியிருப்புத் தகுதி. கலிபோர்னியா வாசிக்குச் சமுதாயக் கல்லூரியில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம். யூசியிலோ, வெளியாராகக் கருதப்படுபவர் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆண்டுக்கு 30,000 டாலரைத் தாண்டிய கூடுதல் தொகை கட்ட வேண்டும். எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர் குடியிருப்புத் தகுதி பெற முடியாது. எச்-4 விசாவில் (பணி விசா பெற்றவரின் குடும்பத்தினருக்கானது) இருப்பவர் 366 நாள் வசித்தது, தொடர்ந்து வசிக்கும் நோக்கம் முதலான நிபந்தனைகளை நிறைவு செய்தால் பெறலாம்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் இதுதான் பெரிய சிக்கல். எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைக்கு 21 வயது நிறையும்போது அந்த விசா நிலை முடிந்துவிடும். அந்தப் பிறந்தநாள் டிரான்ஸ்ஃபருக்கு முன் வருகிறதா, பின் வருகிறதா என்பதைப் பொறுத்துக் கட்டணக் கணக்கே மாறிவிடுவதால், குடியேற்ற வழக்கறிஞரையும் வளாகத்தின் குடியிருப்பு அலுவலகத்தையும் முதல் ஆண்டிலேயே கேட்டு வைப்பது நல்லது.

3. மேஜரை முதல் பருவத்திலேயே தேர்ந்தெடுங்கள்

உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேரே செல்பவர் மேஜரை அறிவிக்காமலும் பல துறைகளில் நுழையலாம். டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு அந்தச் சலுகை இல்லை. நீங்கள் மூன்றாம் ஆண்டுப் பாடங்களுக்கு உடனே உட்காரப் போகிறவர். அதற்கு வேண்டிய கீழ்நிலைப் பாடங்களைப் படித்துவிட்டீர்களா என்பதே பெர்க்லியும் யூசிஎல்ஏவும் முதலில் பார்ப்பது.

மனம் உறுதிப்படாதவர், பாடத் தேவைகள் ஒன்றையொன்று தழுவும் இரண்டு மேஜர்களைத் தேர்ந்துகொள்ளலாம். பொருளாதாரமும் புள்ளியியலும் அப்படிச் சேர்ந்து வரும், ஏனெனில் இரண்டுக்கும் கால்குலஸ் வேண்டும். இயந்திரப் பொறியியலும் உளவியலும் சேர்ந்து வாரா.

மேஜர் எந்தக் கல்லூரிக்குள் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பெர்க்லியில் மின்பொறியியலும் கணினி அறிவியலும் இணைந்த மேஜர் பொறியியல் கல்லூரியைச் சேர்ந்தது. தனிக் கணினி அறிவியல், 2023இல் உருவான "கணிப்பியல், தரவு அறிவியல், சமூகம்" என்ற பெயருள்ள கல்லூரியைச் சேர்ந்தது. பெயர்கள் ஒன்றுபோல் இருந்தாலும், கேட்கப்படும் முன்பாடங்களும் வாசிக்கும் குழுவும் வேறு.

4. அசிஸ்ட் தளத்தை வரிவரியாக வாசியுங்கள்

உங்கள் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த யூசி வளாகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்பதை அதிகாரபூர்வமாகச் சொல்வது அசிஸ்ட் என்ற தளம் ஒன்றுதான். மூத்த மாணவரின் சொல்லோ, வாட்ஸ்ஆப் குழுவில் சுற்றும் அட்டவணையோ அதற்கு மாற்றல்ல. தளத்தில் கல்லூரி, வளாகம், மேஜர், கல்வியாண்டு ஆகிய நான்கையும் தேர்ந்தால் ஒப்பந்தம் விரியும்.

அதில் மூன்று இடங்களில் கண் தவறுகிறது. ஒன்று, கட்டாயம் என்று குறித்ததும் பரிந்துரை என்று குறித்ததும். போட்டி மிகுந்த மேஜரில் பரிந்துரைப் பாடத்தையும் கட்டாயமாகவே எண்ணிப் படிப்பது என் தனிப்பட்ட கருத்து; உங்களோடு போட்டியிடுபவர்களில் பலர் அதை முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

இரண்டு, "இதுவும் அதுவும்" என்று இணைத்த பாடங்கள். வளாகத்தின் ஒரே பாடத்துக்கு ஈடாக உங்கள் கல்லூரியின் இரண்டு பாடங்கள் சேர்ந்து தேவைப்படலாம். ஒன்றை மட்டும் முடித்தால் பாதி கிடைக்காது, ஒன்றுமே கிடைக்காது.

மூன்று, ஈடில்லை என்ற குறிப்பு. உங்கள் கல்லூரியில் ஈடான பாடமே இல்லையென்றால், பக்கத்துக் கல்லூரியில் அது இருக்கிறதா என்று அதே தளத்தில் தேடுங்கள். கலிபோர்னியா விர்ச்சுவல் கேம்பஸ் வழியாக மற்றொரு சமுதாயக் கல்லூரியின் இணையவழிப் பாடத்தைச் சேர்த்துக்கொள்ளவும் வழி உண்டு.

நீங்கள் சேரும் ஆண்டின் ஒப்பந்தத்தைப் பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து வையுங்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒப்பந்தம் மாறினால், எந்த ஆண்டு எந்த நம்பிக்கையில் எந்தப் பாடத்தை எடுத்தீர்கள் என்று காட்ட அது உதவும்.

5. தொடர்ப்பாடங்களை முதலில் அடுக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் ஊன்றிப் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

பொறியியல், இயற்பியல், கணினி அறிவியல் மேஜர்களில் கணிதம் ஒரு சங்கிலி. கால்குலஸ் முதற்பாடத்தை முடிக்காமல் இரண்டாவதில் சேர முடியாது. இரண்டாவது முடியாமல் பலமாறிக் கால்குலஸ் இல்லை. நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் அதற்குப் பின்னர். செமஸ்டர் முறையில் இயங்கும் கல்லூரியில் கோடையை நீக்கினால் மொத்தம் நான்கு பருவங்களே உள்ளன. முதல் ஃபாலில் கால்குலஸ் தொடங்கியவர் நான்காம் பருவத்தில் மூச்சு வாங்கி முடிப்பார். முதல் ஃபாலை முன்கால்குலஸில் செலவிட்டவருக்குக் கடைசிப் பாடத்துக்கு இடமே இருக்காது; அவர் முதல் கோடையிலேயே ஒரு கணிதப் பாடத்தை முடித்தாக வேண்டும், அல்லது மூன்றாம் ஆண்டுக்குத் தயாராக வேண்டும்.

இயற்பியல் இதோடு பின்னிக்கிடக்கிறது. கால்குலஸ் வழி இயற்பியலின் முதற்பாடத்துக்கே கால்குலஸ் முதற்பாடம் முடிந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான கல்லூரிகள் கேட்கின்றன. ஆகவே கணிதத்தில் ஒரு பருவம் தாமதித்தால், இயற்பியலும் ஒரு பருவம் தள்ளிப்போய், அதை நம்பியிருக்கும் பொறியியல் பாடங்களும் தள்ளிப்போகும்.

குவார்ட்டர் முறையில் இயங்கும் டி ஆன்சா, ஃபுட்ஹில் ஆகியவற்றில் ஆண்டுக்கு மூன்று பருவங்கள் இருப்பதால் பாடத்தைப் பிரித்து அடுக்கச் சிறிது நெகிழ்வு உண்டு. ஆனால் அங்கே கால்குலஸ் வரிசை நான்கு குவார்ட்டர்களாக நீளும். குவார்ட்டர் கல்லூரியில் பாதியும் செமஸ்டர் கல்லூரியில் மீதியும் என்று ஒரே தொடரை இரண்டாக வெட்டாதீர்கள். எல்லை வேறு இடத்தில் விழுவதால் ஒரு பகுதி இரண்டு முறை வரும், மற்றொரு பகுதி விடுபடும். ஈடு கணக்கிடும்போது வளாகம் அந்தத் தொடரையே ஏற்காமல் போகலாம். தொடங்கிய கல்லூரியிலேயே தொடரை முடியுங்கள்.

தாளில் நான்கு அல்லது ஆறு கட்டங்கள் வரைந்து, சங்கிலிப் பாடங்களை மட்டும் முதலில் நிரப்புங்கள். வரலாறு, கலை, சமூகவியல் போன்ற தனிப்பாடங்கள் எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் உட்காரும்; அவற்றை மீதி இடத்தில் வையுங்கள். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எளிய பொதுப்பாடங்களை முதல் ஆண்டில் முடித்து ஜிபிஏவை, அதாவது சராசரி மதிப்பெண்ணை, உயர்த்திக்கொள்ளலாம் என்று நினைத்து, இரண்டாம் ஆண்டில் மூன்று ஆய்வகப் பாடங்களை ஒரே பருவத்தில் சுமக்கிறார்கள். போதாததற்கு, சில பாடங்கள் ஃபாலில் மட்டும் அல்லது ஸ்பிரிங்கில் மட்டும் நடக்கும். கல்லூரியின் முந்தைய இரண்டு ஆண்டு வகுப்பு அட்டவணையைப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

மேஜருக்கு வேண்டியவை எல்லாம் கடைசி ஸ்பிரிங்குக்குள் முடிய வேண்டும். நுழைவதற்கு முந்தைய கோடையை நம்பி ஒரு கட்டாயப் பாடத்தைத் தள்ளி வைக்காதீர்கள். பெர்க்லி போன்ற வளாகங்கள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

6. ஏழு பாடங்களும் கால்-ஜெட்சியும்

எந்த யூசி வளாகத்துக்கும் பொதுவான குறைந்தபட்சத் தகுதி இது: யூசி ஏற்கும் 60 செமஸ்டர் யூனிட்டுகள் அல்லது 90 குவார்ட்டர் யூனிட்டுகள், ஜிபிஏ, கலிபோர்னியா வாசிக்கு 2.4, மற்றவருக்கு 2.8; அவற்றுக்குள் ஏழு குறிப்பிட்ட பாடங்கள். அந்த ஏழில் இரண்டு ஆங்கில எழுத்துப் பாடங்கள், ஒன்று கணிதம், மீதி நான்கு கலை மற்றும் மனிதப் பண்பியல், சமூக அறிவியல், இயற்கை அறிவியல் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பிரிவுகளிலிருந்து. ஒவ்வொன்றிலும் சி அல்லது அதற்கு மேல் வேண்டும்.

இது உள்ளே நுழையும் வாசல் மட்டுமே. பெர்க்லியிலும் யூசிஎல்ஏவிலும் இடம் பெறுபவர்களின் ஜிபிஏ பெரும்பாலும் 3.5க்கும் மேலே இருக்கிறது.

இரண்டு ஆங்கிலப் பாடங்களையும் முதல் ஆண்டிலேயே முடியுங்கள். ஏபி ஆங்கிலத் தேர்வு முதல் பாடத்துக்கு ஈடாகலாம்; இரண்டாவதான திறனாய்வு எழுத்தை வகுப்பில்தான் படிக்க வேண்டும். பொது எண் முறை வந்த பின், முதலாவது சி1000 என்றும் இரண்டாவது சி1001 என்றும் எல்லாக் கல்லூரிகளிலும் ஒரே பெயரில் வருவதால் இப்போது குழப்பம் குறைந்திருக்கிறது.

2025 ஃபாலிலிருந்து புதிதாகச் சேருபவர்களுக்கு ஐஜெட்சி என்ற பழைய பொதுக்கல்வித் தொகுப்புக்குப் பதிலாகக் கால்-ஜெட்சி நடைமுறைக்கு வந்திருக்கிறது. 11 பாடங்கள், 34 செமஸ்டர் யூனிட்டுகள். மனிதப் பண்பியல், சமூக அறிவியல் மேஜர்களுக்கு இதை முழுதாக முடிப்பது நல்லது. யூசியில் சேர்ந்த பின் பொதுப்பாடச் சுமை பெரிதும் குறையும். பொறியியலுக்குச் செல்பவர் இதன் பின்னால் ஓடக் கூடாது. அங்கே மேஜர் பாடங்களுக்கே முதலிடம். கால்-ஜெட்சியை முழுமையாக முடித்து வைத்திருந்து கடைசி இயற்பியல் பாடத்தை விட்டிருப்பவருக்கு அதனால் பயனில்லை.

7. பதிவும் மதிப்பெண்ணும்

கல்லூரி விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் விண்ணப்பித்ததோடு நின்றுவிட்டால் பதிவுத் தேதி பின்னால் தள்ளிப்போகும். அறிமுக வகுப்பையும் கல்லூரியின் ஆலோசகரான கவுன்சிலருடன் போட வேண்டிய கல்வித் திட்டத்தையும் முடித்தவர்களுக்கு முன்னுரிமைத் தேதி கிடைக்கும். கால்குலஸ் வகுப்பில் இடம் கிடைக்காமல் காத்திருப்புப் பட்டியலில் நிற்பவர்களில் பலர் இந்த இரண்டு சிறு வேலைகளை ஜூன் மாதத்தில் செய்யாதவர்கள்.

கவுன்சிலரை ஒவ்வொரு பருவமும் பாருங்கள். அசிஸ்ட் அச்சுப்பிரதியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் நூற்றுக்கணக்கான மாணவர்களைப் பார்ப்பவர்கள். "எதைப் படிக்கலாம்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும், "இந்த அடுக்கில் எங்கே பிழை?" என்று கேட்டால் பயனுள்ள பதில் வரும்.

டி அல்லது எஃப் வந்த பாடத்தை மீண்டும் படித்தால் புதிய மதிப்பெண் ஜிபிஏவில் பழையதை மாற்றும். சி வந்ததை இப்படி மாற்ற முடியாது. எனவே போட்டி மேஜரின் முக்கியப் பாடத்தில் சி வரும் என்று தெரிந்தால், கைவிடும் கடைசித் தேதிக்குள் முடிவெடுக்க வேண்டும். கைவிட்டதற்கான டபிள்யூ ஜிபிஏவில் சேராது. ஒன்றிரண்டு இருப்பதால் யாரும் அஞ்ச வேண்டியதில்லை, பருவந்தோறும் இருந்தால்தான் கேள்வி எழும். எஃப்-1 மாணவர் மட்டும் வேறு விதி: 12 யூனிட்டுகளுக்குக் கீழே இறங்குவதற்கு முன் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். முழுநேரக் கணக்கில் அவருக்கு இணையவழிப் பாடம் ஒன்று, அதாவது 3 யூனிட்டுகள் வரைதான் சேரும் என்பதையும் பதிவின்போதே நினைவில் கொள்ளுங்கள்.

8. டேக், டேப்: பெயர் ஒன்றுபோல், வேலை வேறு

டேக் என்பது சேர்க்கை உறுதி ஒப்பந்தம். டேவிஸ், அர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் மட்டுமே இதைத் தருகின்றன. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ தருவதில்லை. "டேக் போட்டால் பெர்க்லி உறுதி" என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் சொல்லக் கேட்கிறேன்.

ஆனாலும் இதைப் போட வேண்டும். செப்டம்பர் 1 முதல் 30 வரை, ஒரே ஒரு வளாகத்துக்கு இலவசமாகப் போடலாம். நிபந்தனைகளை நிறைவு செய்தால் ஒரு நல்ல இடம் கையில் இருக்கும். சில மேஜர்களுக்கு இது கிடையாது. டேக் போட்டவரும் அக்டோபர்–நவம்பரில் வழக்கமான விண்ணப்பத்தை அதே மேஜருக்குச் சமர்ப்பித்தால்தான் உறுதி நிற்கும்.

டேப் என்பது யூசிஎல்ஏவுக்கும் சில சமுதாயக் கல்லூரிகளின் ஆனர்ஸ் திட்டங்களுக்கும் இடையிலான ஏற்பாடு. போதிய ஆனர்ஸ் பாடங்களை முடித்துச் சான்று பெற்றவருக்கு, யூசிஎல்ஏவின் கலை அறிவியல் கல்லூரியைச் சேர்ந்த மேஜர்களில் முன்னுரிமைப் பரிசீலனை கிடைக்கிறது. பொறியியலுக்கு இது உதவாது. ஆனர்ஸ் பாடங்கள் ஒரே பருவத்தில் திரளாகக் கிடைக்காதவை என்பதால், முதல் ஆண்டிலேயே திட்டத்தில் சேர வேண்டும். இரண்டாம் ஆண்டு அக்டோபரில் கேள்விப்படுபவருக்கு நேரம் போதாது.

9. விண்ணப்பத்தை நிரப்புதல்

ஒன்பது யூசி வளாகங்களுக்கும் ஒரே விண்ணப்பம். அண்மைச் சுற்றுகளில் கட்டணம் வளாகத்துக்கு 80 டாலர், பன்னாட்டு மாணவருக்கு 95 டாலர். வருமானம் குறைந்த கலிபோர்னியக் குடும்பங்களுக்கு நான்கு வளாகங்கள் வரை கட்டண விலக்கு உண்டு.

எஸ்ஏடி மதிப்பெண் தேவையில்லை. பரிந்துரைக் கடிதமும் இல்லை. பேராசிரியரிடம் கடிதம் வாங்கப் பெற்றோர் அலைவதை நிறுத்தலாம்.

மதிப்பெண்களை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். விண்ணப்பிக்கும்போது டிரான்ஸ்கிரிப்ட் (கல்லூரி தரும் மதிப்பெண் பதிவு) அனுப்ப வேண்டியதில்லை. இதைக் கேட்டவுடன் நினைவிலிருந்து நிரப்பத் தொடங்குகிறார்கள். டிரான்ஸ்கிரிப்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பாட எண், பெயர், யூனிட், மதிப்பெண், டபிள்யூ உட்பட எழுத்துக்கு எழுத்து அப்படியே பதியுங்கள். சேர்க்கைக்குப் பின் உண்மையான டிரான்ஸ்கிரிப்ட்டோடு ஒப்பிடும்போது முரண் தெரிந்தால் இடம் ரத்தாகும். உயர்நிலைப் பள்ளிக் காலத்தில் கோடையில் ஒரே ஒரு கல்லூரிப் பாடம் படித்திருந்தாலும் அந்தக் கல்லூரியையும் குறிப்பிட வேண்டும். கடைசி ஸ்பிரிங் பாடங்களைக் காலியாக விடாதீர்கள். மேஜர் தேவைகள் முடிகின்றனவா என்று வாசிப்பவர் பார்ப்பது அந்த வரிகளில்தான்.

செயல்பாடுகளுக்கு 20 இடங்கள் உண்டு. குடும்ப உணவகத்தில் பில் போடுவது, பாட்டியை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்வது, வாரம் 20 மணிநேர வேலை ஆகியவை நம் வீடுகளில் "செயல்பாடு" என்று தோன்றுவதில்லை. யூசிக்கு அவையும் செயல்பாடுகளே. நேரத்தை நேர்மையாகக் குறியுங்கள். சில விண்ணப்பதாரர்களிடம் பின்னர் ஆதாரம் கேட்கப்படும், அதற்குப் பதில் அளிக்காவிட்டால் விண்ணப்பம் அதோடு முடியும்.

நவம்பர் கடைசி நாள் மாலையில் சமர்ப்பிக்கலாம் என்று இருக்காதீர்கள். முந்தைய வாரத்திலேயே தளம் தள்ளாடத் தொடங்கும்.

10. நான்கு பதில்கள்

டிரான்ஸ்ஃபர் மாணவர் நான்கு கேள்விகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்கு மிகாமல், எழுத வேண்டும். ஒன்று கட்டாயம்: தேர்ந்தெடுத்த மேஜருக்கு எவ்வாறு தயாராகியிருக்கிறீர்கள், மேல்நிலைப் பாடங்களுக்கு எவ்வளவு ஆயத்தம் என்பது. மற்ற ஏழிலிருந்து மூன்றை நீங்களே தேர்ந்துகொள்ளலாம்.

கட்டாயக் கேள்வியை முதலில் எழுதுங்கள், ஏனெனில் மற்ற மூன்றும் அது சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். இங்கே அடிக்கடி காணும் பிழை, ஐந்து வயதில் அப்பாவின் கணினியைத் தொட்டதிலிருந்து தொடங்குவது. 350 சொற்களில் நூறு அங்கேயே போய்விடும். கல்லூரியில் படித்த ஒரு பாடம், அதில் திணறிய ஓர் இடம், அதைக் கடக்க நீங்கள் செய்தது, அதனால் அடுத்து எடுத்த பாடம் அல்லது செய்த வேலை என்று அண்மைக் காலத்தில் நில்லுங்கள்.

இது இலக்கியக் கட்டுரை அன்று. நேர்காணலில் நேராகச் சொல்லும் பதிலைப் போல இருந்தால் போதும். அனுபவங்களின் பட்டியலும் வேண்டாம், அது செயல்பாட்டுப் பகுதியில் ஏற்கெனவே இருக்கிறது. எல்லா வளாகங்களும் ஒரே பதில்களை வாசிப்பதால், "பெர்க்லியில் படிப்பதே என் கனவு" என்று எழுதினால் யூசிஎல்ஏவும் அதை வாசிக்கும். பதில்கள் நகலா என்று சோதிக்கப்படுகின்றன என்பதால், அண்ணனின் பழைய கட்டுரையைத் திருத்தி அனுப்புவதும் ஆபத்து.

மதிப்பெண் சரிவுக்குக் காரணம் இருந்தால், கூடுதல் குறிப்புப் பகுதியில் இரண்டு வரியில் சொல்லுங்கள்: எந்தப் பருவம், என்ன நடந்தது, இப்போது சரியாகிவிட்டதா. ஒரு பதிலையே அதற்குச் செலவிட வேண்டியதில்லை.

11. ஜனவரிப் புதுப்பிப்பு

சமர்ப்பித்ததும் வேலை முடிந்தது என்று பலர் மின்னஞ்சலைத் திறப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். ஜனவரியில் கல்விப் புதுப்பிப்பு என்ற படிவம் திறக்கிறது. வழக்கமாக ஜனவரி 31க்குள் ஃபால் மதிப்பெண்களையும் ஸ்பிரிங் பாட மாற்றங்களையும் அதில் பதிய வேண்டும். மாற்றம் ஏதும் இல்லையென்றாலும் சமர்ப்பியுங்கள். இதைச் செய்யாதவரின் விண்ணப்பம் முழுமையற்றதாக நின்றுவிட, நல்ல ஃபால் மதிப்பெண் யார் கண்ணிலும் படாமல் போகும்.

பெர்க்லியின் ஹாஸ் வணிகப் பள்ளி, யூசிஎல்ஏவின் கலைத் துறைகள் போன்றவை துணை விண்ணப்பம் கேட்கின்றன. நிதி உதவிக்கான கால் கிராண்ட் கடைசித் தேதி வழக்கமாக மார்ச் 2. இவ்விரண்டையும் ஜனவரிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஸ்பிரிங்கில் ஒரு பாடத்தை விட்டாலோ மாற்றினாலோ உடனே ஒவ்வொரு வளாகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். முடிவு வந்த பின் தெரிவிப்பது தாமதமாகும்.

12. முடிவு வந்த பின்

ஏப்ரல் இறுதிக்குள் முடிவுகள் வந்துவிடும். ஜூன் 1க்குள் ஒரு வளாகத்தை ஏற்க வேண்டும். ஏற்பதற்கு முன், அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளை வாசியுங்கள். கடைசிப் பருவத்தில் குறைந்தபட்ச ஜிபிஏ, டி அல்லது எஃப் இல்லாமை, தெரிவித்த பாடங்கள் அனைத்தையும் முடித்தல் ஆகியவை அதில் இருக்கும். ஏப்ரலில் இடம் கிடைத்த மகிழ்ச்சியில் மே மாதத் தேர்வைக் கோட்டைவிட்டு, ஜூலையில் இடம் இழப்பவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள்.

படித்த எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் இறுதி டிரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1க்குள் சென்றுசேர வேண்டும். ஏபி மதிப்பெண்களைத் தேர்வு வாரியத்திலிருந்து தனியாக அனுப்பச் சொல்ல வேண்டும், சமுதாயக் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்ட்டில் இருப்பது போதாது. கால்-ஜெட்சி முடித்தவர், டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும் அதே நேரத்தில் அதன் சான்றையும் கல்லூரியிடம் கேட்டு அனுப்பச் செய்ய வேண்டும். அது தானாகப் போகாது. சான்று போய்ச் சேராவிட்டால், முடித்த பொதுப்பாடங்களை முடிக்காதவையாகக் கணக்கிட்டு வளாகம் மீண்டும் படிக்கச் சொல்லும்.

எஃப்-1 மாணவருக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது: சமுதாயக் கல்லூரியின் பன்னாட்டு அலுவலகத்திடம் செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் தரவுத்தளம்) பதிவைப் புதிய வளாகத்துக்கு விடுவிக்கும் தேதியை எழுதிக் கொடுத்து, புதிய ஐ-20 (மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் சான்றுப் படிவம்) வந்த பின்னரே ஊருக்கு விமானச் சீட்டு எடுக்க வேண்டும். கோடையில் ஊருக்குப் போய்ப் பழைய ஐ-20யோடு திரும்ப முயல்பவர் விமான நிலையக் குடியேற்ற மேசையில் சிக்கலைச் சந்திப்பார்.